ஒரகடத்துப் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தராதது

சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடம் கூட்டுரோட்டிலும் மின்கம்பம், டீக்கடைச் சுவர், பேருந்து நிழற்குடை என்று பார்க்கும் இடமெல்லாம் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ் ஒட்டியிருக்கும். வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான். வயது 18 முதல் 28 வரை. படிப்பு பத்தாவது, பிளஸ் டூ, ஐடிஐ, டிப்ளமோ, எந்த டிகிரியானாலும் சரி. தங்குமிடம் உண்டு, கேன்டீன் சாப்பாடு உண்டு, கம்பெனி பஸ் உண்டு. அதற்குக் கீழே ஒரே ஒரு சம்பளத் தொகை. இரண்டு வருடம் பிட்டர் டிரேடில் அரம் பிடித்துக் கற்றவருக்கும், மூன்று வருடம் பாலிடெக்னிக்கில் படித்தவருக்கும், கடன் வாங்கி பி.இ. முடித்தவருக்கும், பத்தாவதோடு நின்றவருக்கும் அதே தொகை. நீ என்ன கற்றாய் என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை என்று அந்தத் தாள் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. ஒட்டியவர் ஏதோ ஓர் ஏஜென்சிக்காரர். அப்படி எழுதலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்து விட்டவர்கள் நாம். பெற்றோர், ஆசிரியர், அதிகாரி, அரசியல்வாதி, முதலாளி, தொழிற்சங்கத்தார், பத்திரிகையில் எழுதுகிறவர் என்று எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சாம்சங். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-இல் டெய்ம்லர் லாரி, 2013-இல் ராயல் என்பீல்டு. பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், மாம்பாக்கம் என்று சிப்காட் பூங்காக்கள் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே பரவின. ஹூண்டாய் ஆலை மட்டுமே ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் கார் செய்யும் திறன் கொண்டதாக வளர்ந்தது. ஒவ்வொரு ஆலை வந்தபோதும் நாம் மகிழ்ந்தோம். அதில் தவறில்லை. மழையை நம்பிக் கிடந்த வீடுகளுக்கு மாதச் சம்பளம் வந்தது. ஆனால் நாம் எண்ணியது எத்தனை கோடி, எத்தனை பேர் என்ற இரண்டே கணக்குகளைத்தான். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டின் முடிவில் 6.64 லட்சம் கோடி ரூபாய் முதலீடு, 26.9 லட்சம் வேலை என்று அறிவித்தார்கள். நாம் அதைத் தலைப்புச் செய்தி ஆக்கினோம். அந்த 26.9 லட்சம் பேரில் எத்தனை பேருக்குப் பத்து ஆண்டு கழித்து ஓர் அச்சைச் செதுக்கத் தெரிந்திருக்கும், ரோபோ நின்றுபோனால் காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கும், சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் எழுதத் தெரிந்திருக்கும் என்ற கேள்வியை நாம் எழுப்பவில்லை.

கேட்காத அந்தக் கேள்விக்கு 2025 ஜூலையில் ஒரு பதில் வந்தது. பாக்ஸ்கான் தன் இந்திய ஐபோன் ஆலைகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களையும் டெக்னீஷியன்களையும் நாடு திரும்பச் சொன்னதாகச் செய்தி வெளியானது. சீனாவின் நோக்கம் என்ன, ஏற்றுமதி பாதிக்குமா என்று பக்கம் பக்கமாக அலசினோம். ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யத் தொடங்கி அப்போது பத்தொன்பது ஆண்டு ஆகியிருந்தது. பத்தொன்பது ஆண்டில் ஒரு குழந்தை பிறந்து, பள்ளி முடித்து, தொழிலும் கற்று முடித்திருக்கும். அவ்வளவு காலத்துக்குப் பிறகும் லைனை நிறுவவும் மெஷினைப் பழக்கவும் வெளிநாட்டுக் கைகள் தேவைப்பட்டதே ஏன் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளவில்லை. போல்ட் முடுக்கும் வேலை நம் பிள்ளைகளுக்கு வந்தது. அந்த லைனையே கட்டி எழுப்பும் வேலை வரவில்லை.

இந்த அலட்சியம் ஆலைகளோடு வந்ததில்லை, அதைவிடப் பழையது. கையால் செய்யும் வேலையைச் சாதியோடு கட்டிவைத்த சமூகம் இது. தச்சு ஒருவருக்கு, தோல் ஒருவருக்கு, மண் ஒருவருக்கு என்று பிறப்பிலேயே பங்கு பிரித்து, செய்தவரைக் கீழே உட்காரவைத்தது. அதனால்தான் 1953-இல் ராஜாஜி பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது தமிழ்நாடு கொதித்தது. குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்துப் பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது, இன்றும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை. நம் தவறு அதற்குப் பிறகு நடந்தது. சாதியோடு ஒட்டிய தொழிற்கல்வியை விரட்டிய நாம், சாதி தொடாத தொழிற்கல்வி ஒன்றை அந்த இடத்தில் மரியாதையோடு நிறுத்தியிருக்க வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளையும் லேத் முன்னால் நிற்கலாம், நின்றால் அது பெருமை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கை வேலையிலிருந்து தப்பிப்பதே படிப்பின் பலன் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். தீண்டாமையை எதிர்த்த வீடுகளிலும்கூட எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்கு ஒரு படி கீழான இடம்தான் கிடைத்தது.

1978-இல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. பிறகு அந்தப் பிரிவு ஆசிரியர்கள் ஓய்வு பெறப் பெற, பல பள்ளிகளில் இடத்தை நிரப்பாமல் விட்டார்கள். ஆசிரியர் இல்லை என்று பிரிவையே மூடினார்கள். ஊரில் ஒரு போராட்டம்கூட நடக்கவில்லை. அதே காலத்தில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரும் வழியிலேயே எத்தனை கல்லூரி வளைவுகள்! வயலை விற்று, நகையை அடகு வைத்து, பிள்ளையை அங்கே சேர்த்தோம். நான்கு ஆண்டு கழித்து அதே பிள்ளை அதே சாலையில் டிரெய்னி சட்டை போட்டு, ஐடிஐ முடித்தவனோடு ஒரே லைனில் நின்றான்.

ஐடிஐயை நாம் நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். “மார்க் கம்மி, ஐடிஐல போட்டுடுங்க.” இது தலைமையாசிரியர் அறையில் நாம் சொன்ன வார்த்தை. “நீ ஐடிஐக்குத்தான் லாயக்கு.” இது வகுப்பறையில் சொன்னது. பதினைந்து வயதில் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போகும் பையன், தான் தோற்றவன் என்ற நினைப்போடுதான் முதல் நாள் அரத்தைத் தொடுகிறான்.

அந்த அரம் எளிய கருவி இல்லை. பிட்டர் டிரேடில் ஆரம்ப மாதங்கள் அதோடுதான் கழியும். ஒரு மைல்ட் ஸ்டீல் துண்டை வைஸில் இறுக்க வேண்டும். ஒரு கை பிடியிலும் மறு கை நுனியிலும் இருக்க, முன்னே தள்ளும்போது அழுத்தி, பின்னே இழுக்கும்போது அழுத்தத்தை விட வேண்டும். தோள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவரின் கை தராசுபோல் ஏறி இறங்கும். அப்போது துண்டின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாகிவிடும். டிரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால், இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். மறுபடி அரம். மறுபடி வெளிச்சத்தில் பார்ப்பது. 0.04 மில்லிமீட்டருக்குள் கொண்டுவா என்பார் பயிற்றுநர். தலைமுடியின் கனத்தைவிடக் குறைவான அந்த அளவைக் கை உணரத் தொடங்கும்போது அந்தப் பிள்ளைக்குள் ஏதோ ஒன்று மாறுகிறது. சரி, தப்பு என்பதைத் தானே தீர்மானிக்கிற கண் வருகிறது. உலோகம் எங்கே இளகும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று தெரிகிறது. பிறகு லேத், மில்லிங், கிரைண்டிங், சிஎன்சி என்று எதற்குப் போனாலும் அந்தக் கண் கூடவே வரும். ஒரு மனிதரை முப்பது ஆண்டு காப்பாற்றக்கூடிய கல்வி இது.

இப்படித் தயாராகி வந்தவரை நாம் எங்கே நிறுத்தினோம்? பெரும்பாலோரை லைனில் நிறுத்தினோம். ஒரு நிலையம், ஒரு டார்க் கன், அதே நான்கு போல்ட். ஒரு நிமிடத்துக்குள் அடுத்த வண்டி வந்துவிடும். அந்த வேலையைச் சில நாளில் யாரும் பழகிக்கொள்ளலாம், ஆகவே யாரை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கற்ற கை ஆறு மாதத்தில் மறக்கத் தொடங்கும். டூல் ரூம், மெயின்டனன்ஸ், டை ஷாப் என்று கையறிவு தேவைப்படும் பிரிவுகளின் கதவு சிலருக்கே திறந்தது.

சட்டம் இருந்தது. 1961-இலேயே தொழிற்பழகுநர் சட்டம் போட்டோம். அதன் எண்ணம் நல்லது: ஆலையில் வைத்துத் தொழில் கற்றுக்கொடு, தேர்வு நடத்து, சான்று கொடு. 2013-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) மூலம் நீம் என்ற திட்டம் வந்தது. மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை பயிற்சி, திறன் இல்லாத தொழிலாளிக்குரிய குறைந்தபட்சக் கூலி அளவுக்கு உதவித்தொகை, ஆனால் பயில்பவர் தொழிலாளியாகக் கருதப்படவில்லை. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. பயிற்சி என்ற பெயரே அந்த 480 நாள் கணக்கைத் தொடங்கவிடாமல் தடுக்கும் வழியாகிவிட்டது என்று தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தன. நாம் அதைச் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் நடுவேயான தகராறு என்று ஒதுக்கினோம். அது ஒரு தலைமுறையின் கல்வியைப் பற்றிய புகார் என்று நமக்கு உறைக்கவில்லை. பயிற்சி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, கற்றுக்கொடுக்காமல் உற்பத்தி எடுத்த ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் வயதிலிருந்து எடுத்துக்கொண்ட மாதம்.

நோக்கியா நமக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே காட்டியது. உச்ச காலத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் நேரடி வேலை கொடுத்த ஆலை அது. அவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. வரி வழக்கு, மைக்ரோசாப்டுக்கு நடந்த விற்பனை என்று நாம் காரணங்களை விவரமாக எழுதினோம். வெளியே வந்த பெண்கள் ஐந்தாறு ஆண்டு நுணுக்கமான எலெக்ட்ரானிக்ஸ் லைனில் வேலை செய்தவர்கள். அவர்களுடைய விரலில் அனுபவம் இருந்தது. அதை அளந்து, இன்னொரு ஆலை மதிக்கும்படி எழுதிக்கொடுக்கும் ஏற்பாட்டை நாம் செய்து வைத்திருக்கவில்லை. கற்றதைச் சோதித்துச் சான்று தரும் ஆர்பிஎல் முறை மத்திய அரசுத் திட்டத்தில் வந்ததே 2015-இல்தான். ஐந்து ஆண்டு கழித்து, 2019-இல், அந்த இடத்தை சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. அந்தப் பெண்களில் பலர் அதற்குள் துணிக்கடைகளுக்கும் மெடிக்கல் ஷாப்புகளுக்கும் நூறுநாள் வேலைக்கும் போய்விட்டிருந்தார்கள்.

பெண்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை பெண் டூல் மேக்கர், எத்தனை பெண் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன்? 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டு 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, பாக்ஸ்கான் பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. தேவையான காரியம், வரவேற்கிறோம். அதே ஆண்டு ஜூனில் திருமணமான பெண்களை ஐபோன் ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டு வெளியாகி, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. பத்தொன்பது வயதில் வா, இருபத்தேழில் போய்விடு என்பது இந்தத் தொழில்பாதையின் எழுதாத விதியாக இருந்தால், அந்தப் பெண்ணுக்கு நாம் கொடுத்தது சில வருடச் சம்பளம் மட்டுமே. வயது ஏற ஏற மதிப்பு கூட வேண்டிய இடத்தில், வயதையே தகுதிக்குறைவாக்கி வைத்திருக்கிறோம்.

வழி தெரியாத ஊர் இல்லை இது. கோவையில் 1926-இலேயே பிஎஸ்ஜி தொழிற்பயிற்சிக்கூடம் தொடங்கியது. ஜி.டி. நாயுடு 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியபோது, நான்கு ஆண்டுப் படிப்பு பிள்ளைகளின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடினார். அரசு ஒப்பாதபோது விலகிக்கொண்டார். 1955-இல் பெரம்பூர் ஐசிஎப் சுவிஸ் தொழில்நுட்பத்தோடு தொடங்கியபோது ரயில்பெட்டி செய்யும் கலையை நம்மவர்கள் பக்கத்தில் நின்று கற்றார்கள். இன்று அந்த ஆலையிலிருந்து வந்தே பாரத் ரயில் வருகிறது. பெரிய ஆலைகளில் அப்ரண்டிஸாகப் பழகியவர்கள் அம்பத்தூரில் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷினோடு சொந்தப் பட்டறை வைத்தார்கள். அப்ரண்டிஸ் பயிற்சி முதலாளிகளையும் உருவாக்கியது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பாதையில் லைனிலிருந்து வெளியே வந்து பட்டறை வைத்தவர்கள் எத்தனை பேர் என்று தேடினால், ஷேர் ஆட்டோவும் பிரியாணிக் கடையும் வைத்தவர்கள்தான் அதிகம் தென்படுகிறார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. நாம் கொடுத்திருக்க வேண்டிய ஒன்று அவர்கள் கையில் இல்லை என்று சொல்கிறோம்.

ஜெர்மனியில் மெக்கட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைக்கு மூன்றரை ஆண்டு. வாரத்தில் சில நாள் ஆலை, சில நாள் பள்ளி. பாடத்திட்டத்தை முதலாளிகளும் தொழிற்சங்கமும் அரசும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுகிறார்கள். டெய்ம்லர் நம் ஒரகடத்துக்கு வந்தது, அதன் தாய்நாட்டின் அந்தப் பழக்கத்தை இந்தத் தொழில்பாதை முழுவதற்கும் விதியாக்கும்படி நாம் கேட்கவில்லை. நிலம், மின்சாரம், வரிச்சலுகை பற்றிப் பேசிய மேசையில் பயிற்சி ஒரு பத்தியைத் தாண்டவில்லை.

சங்கங்களும் தங்கள் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும். நிரந்தரம், ஊதியம், சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றுக்காக நடந்த போராட்டங்கள் தேவையானவை. 2024 செப்டம்பரில் தொடங்கி சாம்சங் தொழிலாளிகள் சங்கம் வைக்கும் உரிமைக்காகவே ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது என்றால், மற்றக் கோரிக்கைக்கு மூச்சு எங்கே இருந்திருக்கும் என்பதும் புரிகிறது. இருந்தாலும் கோரிக்கைப் பட்டியலில் கற்றுக்கொடு என்ற வரி இத்தனை ஆண்டும் கடைசிப் பக்கத்திலேயே கிடந்தது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்களை நாம் அதைவிடவும் மறந்தோம். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டிய பொத்தான் ஏன் இருக்கிறது என்பதை அவர்களுக்குப் புரிகிற மொழியில் யாராவது சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் விரல் போகும்.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. 2023 ஜூலையில் ஒரகடத்திலேயே அந்தத் திட்டத்தின் புதிய பயிற்சி மையங்கள் திறந்துவைக்கப்பட்டன. ரோபோவும் சிஎன்சியும் இப்போது கண்ணாடிச் சுவருக்குள் இருக்கின்றன. நான் முதல்வன், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் உதவி ஐடிஐ பிள்ளைகளையும் எட்டுகிறது. மெஷினை ஓர் அரசாணையில் வாங்கிவிடலாம். அதன் பக்கத்தில் நின்று, பிள்ளை செய்த தவறைக் கண்ணால் பிடித்துத் திருத்தும் பயிற்றுநரை உருவாக்க வருடங்கள் ஆகும். அவருக்குத் தகுந்த சம்பளமும் நிரந்தரமும் வேண்டும். ஆலை அனுபவம் உள்ள பிட்டர் ஒருவர் ஐடிஐயில் கற்றுக்கொடுக்க வருவதை ஊரே மதிக்க வேண்டும். அதற்கான வேலையை நாம் இன்னும் தொடங்கவில்லை.

இனி நாம் செய்ய வேண்டியது இது. உங்கள் வீட்டில் பத்தாவது முடிக்கும் பிள்ளை இருந்தால், மார்க் எவ்வளவாக இருந்தாலும், பக்கத்து அரசு ஐடிஐ ஒர்க்‌ஷாப்பை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆசிரியராக இருந்தால் அந்த ‘லாயக்கு’ என்ற வார்த்தையை இன்றோடு விடுங்கள். ஆலை நடத்துகிறவராக இருந்தால் டிரெய்னி என்று எடுத்த ஒவ்வொருவரும் வெளியே போகும்போது எந்த மெஷினை, எந்த அளவுக்கு அறிவார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் அடுத்த முதலீட்டுச் செய்தியில் கோடிக் கணக்குக்குப் பக்கத்திலேயே, இந்த ஆலை எத்தனை டூல் மேக்கரை, எத்தனை மெயின்டனன்ஸ் டெக்னீஷியனை, எந்தச் சான்றோடு உருவாக்கும் என்ற கேள்வியையும் போடுவோம். புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் அதற்கு விடை எழுதி வாங்காத எந்த அரசுக்கும், அது எந்தக் கட்சியுடையதாக இருந்தாலும், நாம் கைதட்டக் கூடாது.